ஊழியமும் கல்வியும்: பிரித்தானியத் தாதியர் பயிற்சியின் வளர்ச்சி

நோயுற்றார்க்கு மருந்தூட்டி, படுக்கை விரித்து, இராப்பகலாகக் காத்திருத்தல் அன்புடையார் எவர்க்கும் இயலுந் தொழிலே என்பது பலர் கருத்து. அன்பு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயின், அன்பு மாத்திரம் அமையாது என்பதைப் பிரித்தானியத் தாதியர் கல்வியின் வரலாறு தெளிவுறக் காட்டும்.

1854 ஆம் ஆண்டிலே, கிரிமியப் போரிற் காயமுற்ற வீரரைப் பேணும்பொருட்டு, புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 38 தாதியருடன் ஸ்கூட்டாரி வைத்தியசாலைக்குச் சென்றார். ஆங்கு மடிந்தோருட் பெரும்பாலார் காயத்தாலன்றி நோயாலேயே மடிந்தனர். 1855 இல் வந்த சுகாதார ஆணைக்குழுவினர் கழிவு வாய்க்கால்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்திற்கும் வழிசெய்த பின்னர் இறப்புப் பெரிதுங் குறைந்தது. தூய்மையும் காற்றும் நீரும் நோயாளியின் உயிரைக் காப்பன என்னும் இவ்வறிவு, 1860 இல் இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் அம்மையார் பெயரால் நிறுவப்பட்ட தாதியர் பள்ளியில் முதலிடம் பெற்றது.

அப்பள்ளியின் முறை பிற நாடுகளுக்கும் பரவியது. எனினும், நாளடைவில் வைத்தியசாலைப் பயிற்சியில் ஒரு குறை வேரூன்றிற்று. பயிலவந்த பெண்களே நோயாளர் விடுதிகளின் வேலையிற் பெரும்பகுதியைச் செய்தனர். மாணவியராயிருந்தோர் அதேவேளையிற் குறைந்த ஊதியம் பெறும் ஊழியருமாயினர். வேலை மிகுந்த நாளிற் பாடம் பின்னிடுதல் இயல்பேயன்றோ! 1919 இற் பாராளுமன்றம் இயற்றிய தாதியர் பதிவுச் சட்டம், பயிற்சி பெற்றாரை ஏனையோரினின்றும் வேறுபடுத்தியதாயினும், இக்குறையை நீக்கவில்லை.

காலம் மாற நோயின் இயல்பும் மாறிற்று. தொற்றுநோய்கள் ஒடுங்க, நீரிழிவும் இருதயநோயும் முதுமைத் தளர்ச்சியும் முன்னின்றன. இவை சில நாளில் தீர்வனவல்ல; ஆண்டுக்கணக்காக நோயாளியுடன் வாழ்வன. ஆகவே, வீட்டிலிருந்தவாறே தம்மைப் பேணும் வகையை நோயாளிக்குக் கற்பித்தலும், சிறு மாற்றத்தையும் முற்பட அறிதலும் தாதியின் கடமையாயின.

இத்தேவைக்கேற்ப, எடின்பரோப் பல்கலைக்கழகம் 1960 இல் தாதியர்க்குப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. ‘திட்டம் 2000’ எனப்பட்ட 1986 ஆம் ஆண்டு அறிக்கை, மாணவரை ஊழியராகக் கணியாது மாணவராகவே கொள்ளவேண்டுமென வற்புறுத்திற்று. 2006 இல், தனிப்பயிற்சி பெற்ற தாதியர்க்குப் பெரும்பாலான மருந்துகளை விதிக்கும் உரிமை கிடைத்தது. 2013 முதல் இங்கிலாந்திற் புதிதாய்ப் பயிலப் புகுவோர்க்குப் பட்டப்படிப்பே வழியாயிற்று.

நூற்கல்வி மிகுந்தால் இரக்கங் குறையுமென அஞ்சினாரும் உளர். ஐரோப்பிய நாடுகள் ஒன்பதில் நிகழ்ந்து 2014 இல் வெளியான ஓர் ஆய்வு இவ்விடத்து நோக்கற்பாலது. பட்டதாரித் தாதியரின் பங்கு நூற்றுக்குப் பத்துக் கூடுந்தோறும், சத்திரசிகிச்சை பெற்றோர் முப்பது நாளுள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழளவு குறைந்திருந்தது. ஒரு தாதி கவனிக்கும் நோயாளர் தொகையில் ஒருவர் கூடினும், அவ்வாய்ப்பு ஏறக்குறைய அவ்வளவே உயர்ந்திருந்தது. இத்தொடர்பு ஒன்றே காரணத்தை முற்றாக நிறுவாதெனினும், கற்ற தாதியரும் போதிய தொகையினராய் இல்லாவிடிற் பயன் குன்றும் என்பதனை உணர்த்தப் போதியதாம்.

நள்ளிரவில் நோயாளியின் மூச்சில் நேரும் வேறுபாட்டை முதலிற் காண்பவர் தாதியே. அருகிருந்து நோக்க அன்பு துணைசெய்யும்; கண்டது யாதெனத் துணியக் கல்வி வேண்டும்; துணிந்ததைச் செய்ய நேரமும் வேண்டும். தாதியர் கல்வியைச் சீர்திருத்த முற்படுவோர் இம்மூன்றில் எதனையும் விடுதல் தகாது.