நெக்கைக் கழற்றினால் தெரியும் வயது

சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள் அடிவாரத்தை எட்டுவதற்கு முன்பே மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவைக் கடந்துவிடுவார்கள். டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கிய அந்த ஸ்டுடியோவில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் உருவாயின. அங்கிருந்து ‘மந்திரி குமாரி’ வெளிவந்த ஆண்டு 1950. அப்போதெல்லாம் ஒரு திரைப்பட இசைக்குழுவில் அடிநாதத்தைத் தாங்கும் வேலை டபுள் பாஸுடையது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் அந்த வாத்தியத்தை ஊர் ஊராகத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. கச்சேரியில் டிரம்ஸும் டிரம்பெட்டும் சேர்ந்துவிட்டால் அதன் ஒலி கேட்கவும் கேட்காது.

அடுத்த ஆண்டே அமெரிக்காவில் அதற்கு மாற்று வந்தது. ரேடியோ ரிப்பேர் கடையில் தொழிலைத் தொடங்கிய லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் இருந்த தன் பட்டறையிலிருந்து 1951 கடைசியில் பிரிசிஷன் பாஸ் என்ற வாத்தியத்தை விற்பனைக்கு அனுப்பினார். பலகை போன்ற உடல், நான்கு கம்பிகள், சுருதி தவறாமல் விரல் வைக்க ஃபிரெட்டுகள், ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்ப ஒரு பிக்அப். கம்பியின் அதிரும் நீளத்தை அவர் 34 அங்குலமாக வைத்தார். இன்றும் பெரும்பாலான பாஸ் கிடார்களுக்கு அதுதான் அளவு. அவருக்கு முன்பே, 1930களில், சியாட்டில் நகரத்து பால் டட்மார்க் மின்சார பாஸ் ஒன்றைச் செய்து பார்த்திருந்தார். ஆனால் உலகம் முழுக்கப் பரவியது ஃபெண்டரின் வடிவம்தான்.

எழுபது ஆண்டுகள் கழித்து அந்த முதல் தலைமுறை பாஸ்கள் சேகரிப்புப் பொருள்களாகிவிட்டன. 1960களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட ஃபெண்டர் ஜாஸ் பாஸ் ஒன்று எதுவும் மாற்றப்படாமல் கிடைத்தால், வெளிநாட்டுச் சந்தையில் அதன் விலை பத்தாயிரம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். அதே ஆண்டில், அதே தொழிற்சாலையில் செய்யப்பட்டு, நடுவில் யாரோ ஆசையாகப் புதுப் பெயின்ட் அடித்துவிட்ட இன்னொன்று ஏறக்குறைய அதில் பாதி விலைக்குத்தான் போகும். வாசித்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல்கூடப் போகலாம். இந்த வியாபாரத்தின் மொத்தக் கணக்கும் இங்கேதான் இருக்கிறது. வயதுக்காக யாரும் இவ்வளவு பணம் தருவதில்லை. தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்ததில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதற்கே விலை.

மிச்சத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வெளித்தோற்றம் உதவாது. புது கிடாரையே வேண்டுமென்று தேய்த்து, கீறி, பழசாக்கி விற்பது இன்று தனித் தொழிலாகவே நடக்கிறது. தலைப்பகுதியில் ஒட்டும் கம்பெனிப் பெயரும் போலியாகக் கிடைக்கிறது. ஆகவே, விஷயம் தெரிந்தவர் முதலில் கேட்பது ஸ்க்ரூடிரைவர்.

ஃபெண்டர் பாஸின் நெக் நான்கு திருகுகளால் உடலோடு பிணைக்கப்பட்டது. கம்பிகளைத் தளர்த்தி அதைக் கழற்றினால், நெக்கின் அடிப்பக்கத்தில் தேதி இருக்கும். 1950களில் பென்சிலால் எழுதினார்கள். 1962-க்குப் பிறகு மை முத்திரை. அது நெக் தயாரான காலத்தைச் சொல்லும். உடல் வேறொரு மாதத்தில் தயாராகியிருக்கலாம் என்பதால், அந்த ஒரு தேதியை மட்டும் நம்பி விலை பேசக் கூடாது.

அடுத்து, வால்யூம், டோன் குமிழ்களுக்குக் கீழே இருக்கும் பாட்கள். அவற்றின் உலோக முதுகில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். உதாரணத்துக்கு 3046248 என்று இருந்தால், முதல் மூன்று எண்கள் ஸ்டாக்போல் என்ற தயாரிப்பாளரைக் குறிக்கும். அடுத்த இரண்டு 1962-ஆம் ஆண்டு. கடைசி இரண்டு அந்த ஆண்டின் 48-ஆவது வாரம். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ். நிறுவனம். பாட் செய்யப்பட்ட தேதிக்கு முன்னால் கிடார் உருவாகியிருக்க முடியாது, அவ்வளவுதான் இதிலிருந்து உறுதியாகக் கிடைப்பது. 1966-இல் மொத்தமாக வாங்கிய பாட்களை ஃபெண்டர் அந்தப் பத்தாண்டின் இறுதிவரை பயன்படுத்தியது. அதனால் 1969 பாஸில் 1966 பாட் இருந்தால் பதற வேண்டியதில்லை. 1962 என்று சொல்லி விற்கப்படும் பாஸில் அது இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

பலரும் பெரிதாக நம்பும் சீரியல் எண் உண்மையில் இவற்றைவிடப் பலவீனமான சாட்சி. 1954 வாக்கிலிருந்து 1976 வரை அது, நெக்கின் திருகுகள் நுழையும் உலோகத் தகடான நெக் பிளேட்டில்தான் இருந்தது. பெட்டியில் கிடந்த பிளேட்டுகளில் கைக்கு வந்ததை எடுத்து மாட்டினார்கள். எண்ணின் வரிசைக்கும் தயாரிப்பு வரிசைக்கும் நெருக்கமான உறவு கிடையாது. மேலும் பிளேட்டை நான்கு திருகில் மாற்றிவிடலாம்.

சால்டரிங்கைப் பார்ப்பது இதைவிட முக்கியம். அறுபது ஆண்டு பழைய ஈயப்பற்று மங்கிப்போய் இருக்கும். பளபளவென்று இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பிக்அப்பைச் சோதிக்க ரேடியோ மெக்கானிக்கிடம் இருக்கும் மல்டிமீட்டரே போதும். பழைய பிரிசிஷன் பாஸின் பிக்அப் ஏறத்தாழ 10 கிலோ ஓமுக்குச் சற்று மேலும், ஜாஸ் பாஸின் பிக்அப் ஒவ்வொன்றும் 7, 8 கிலோ ஓமும் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே தாமிரக் கம்பி அறுந்திருக்கிறது. திரும்பச் சுற்றலாம். ஆனால் சுற்றியபின் அது அசல் பிக்அப் அல்ல, விலையும் அதற்கேற்ப இறங்கும்.

ஆண்டுக்கு ஆண்டு நடந்த மாற்றங்களையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பிரிசிஷன் பாஸுக்கு இரண்டாகப் பிளந்த பிக்அப் வந்தது 1957-இல். ஜாஸ் பாஸ் 1960-இல் பிறந்தபோது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய குமிழ்கள் இருந்தன. 1962 வாக்கில் அவை மூன்று தனிக் குமிழ்களாயின. 1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனம் சி.பி.எஸ். ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதற்கு முந்தைய கிடார்களுக்கு ஒரு விலை, பிந்தையவற்றுக்கு ஒரு விலை என்று சேகரிப்பவர்கள் கோடு கிழித்துவிட்டார்கள். கோடு சற்றுக் கறாரானதுதான். 1966-இன் நல்ல ஜாஸ் பாஸ்கள் எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. வாசிப்பதற்காக வாங்குகிறவருக்கு இந்த இடத்தில்தான் நியாயமான பேரம் கிடைக்கும்.

வாத்தியத்தின் மதிப்பை யார் கையில் இருந்தது என்பதும் தீர்மானிக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பில் வைமன் வைத்திருந்த 1969 ஃபெண்டர் மஸ்டாங் பாஸ் 2020-இல் ஏலத்தில் 3,84,000 டாலருக்குப் போனது. அதே ஆண்டு தயாரான வேறொரு மஸ்டாங்குக்கு அதில் நூறில் ஒரு பங்கு கிடைப்பதே அரிது. பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் ஏறக்குறைய 30 பவுண்டுக்கு வாங்கிய ஹாஃப்னர் பாஸ் 1972-இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடுபோனது. அது கிடைத்துவிட்ட செய்தி 2024 பிப்ரவரியில்தான் உலகுக்குத் தெரிந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காணாமல் போன பாஸை அதுதான் என்று உறுதிசெய்ய முடிந்ததற்குக் காரணம், அதன் படங்களும் விவரங்களும் பத்திரமாக இருந்ததுதான்.

தமிழ்நாட்டில் இந்த இடத்தில் பெரிய குறை இருக்கிறது. பாஸ் கிடாரைக் காது கொடுத்துக் கேட்கப் பழக்கிய மண் இது. 1976-இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா, பாட்டுக்குள் பாஸுக்கென்றே தனி மெட்டு எழுதினார். பல பாடல்களில் பல்லவியை முணுமுணுப்பது போலவே பாஸ் வரியையும் முணுமுணுக்கும் ரசிகர்கள் உண்டு. அவருடைய குழுவில் பல ஆண்டுகள் பாஸ் வாசித்த சசிதரனும், ஏ.ஆர்.ரஹ்மானின் இசையில் வாசித்த கீத் பீட்டர்ஸும் இசைக்கலைஞர்கள் மத்தியில் பெரிய பெயர்கள். ஆனால் எந்தப் பாட்டு எந்த வாத்தியத்தில் வாசிக்கப்பட்டது என்று தேடிப்போனால் கையில் கிடைப்பது மிகக் கொஞ்சம். பில் வைமனின் பாஸுக்கு ஏலத்தில் மதிப்பு ஏற்றிய அதே தகவல், நம்மூர் வாத்தியங்களின் விஷயத்தில் வாசித்தவர்களின் நினைவோடு போய்க்கொண்டிருக்கிறது. இது உண்மையான இழப்பு.

வெளிநாட்டு பாஸ் அந்தக் காலத்தில் இங்கே எளிதில் கிடைத்ததும் இல்லை. இறக்குமதி உரிமமும் கடும் வரியும் இருந்த ஆண்டுகளில், வெளிநாடு போய் வந்தவர்கள் மூலமாகவும், குடிபெயர்ந்து போன குடும்பங்கள் விற்றுவிட்டுச் சென்றவையாகவும்தான் பல வாத்தியங்கள் கைக்கு வந்தன. சென்னையில் 1842 முதல் நடக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளின் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுத் திரும்பியவர்களே அதிகம். மெல்லிசைக் குழுக்களில் பெரும்பாலும் ஒலித்தது கிவ்சன், ஹாப்னர் போன்ற பெயர்களில் கொல்கத்தாவில் தயாரான கிடார்கள். பிறகு கீபோர்டில் இடக்கையாலேயே பாஸ் வாசிக்கும் வசதி வந்து, 1990களில் பல குழுக்களின் பாஸ் கிடார்கள் பரணுக்குப் போயின.

அந்தப் பரணிலிருந்து இறங்குபவைதான் இன்று சேலத்திலோ ஈரோட்டிலோ ஒருவர் உண்மையில் சந்திக்கக்கூடிய பழைய பாஸ்கள். 1962 ஜாஸ் பாஸ் அங்கே காத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கொல்கத்தா பாஸ் ஒன்று, அதிர்ஷ்டம் இருந்தால் 1977-இல் தொடங்கிய யமஹா பி.பி. வரிசையில் ஒன்று, இன்னும் அதிர்ஷ்டம் இருந்தால் 1982-இல் ஜப்பானில் தொடங்கிய ஃபெண்டர் தயாரிப்பில் ஜே.வி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் சீரியல் எண் கொண்ட ஒன்று. கடைசியில் சொன்ன ஜே.வி. வரிசையைச் சேகரிப்பவர்கள் இப்போது உலகமெங்கும் தேடுகிறார்கள். கொல்கத்தா பாஸுக்குச் சந்தை விலை குறைவு. ஆனாலும் ஒரு மாவட்டத்தின் மேடைகள் முழுக்க ஒலித்த வாத்தியம் அது. விற்பவரிடம் குழுவின் பெயர், வாங்கிய ஆண்டு, பழைய மேடைப் புகைப்படம் மூன்றையும் கேட்டு வாங்கி, எழுதி, கிடார் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். பில் இருந்தால் அதையும். திருட்டுப் பொருள் அல்ல என்பதற்கும் அதுவே சாட்சி.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர்கள் மரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபெண்டர் 1959-இலிருந்து, ஃபிரெட்டுகள் பதிந்திருக்கும் ஃபிரெட்போர்டுக்கு ரோஸ்வுட் பயன்படுத்தியது. ஆரம்பத்தில் அது பிரேசில் மரம். 1960களின் நடுவில் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினார்கள். தமிழில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும் அதே மரம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் இந்த மரத்தைப் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று தமிழக அரசு 1994-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. 1970-இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரு ஜாஸ் பாஸின் கருஞ்சிவப்பு ஃபிரெட்போர்டு இந்தியக் காட்டிலிருந்து கடல் தாண்டிப் போன மரமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அழியும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் பிரேசில் ரோஸ்வுட்டை 1992-இலேயே மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்துவிட்டது. 2017 ஜனவரியில் மற்ற ரோஸ்வுட் வகைகளும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இசைக்கலைஞர்களின் முறையீட்டுக்குப் பிறகு, 2019 நவம்பர் முதல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு அந்த இரண்டாவது கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு கிடைத்தது. பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே 1960களின் முதல் பாதியைச் சேர்ந்த பாஸ் எல்லை தாண்டும்போது, மரம் தடைக்கு முந்தையது என்று காட்டும் சான்றிதழ் தேவை. பயன்படுத்திய பொருளை இறக்குமதி செய்வதற்கான விதிகளும் சுங்கவரியும் தனி. பணம் அனுப்பும் முன்பே கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்ட்டிடம் கேட்டுவிடுவது நல்லது.

வாங்கியாயிற்று என்றால், அடுத்த எதிரி வானிலை. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. கீழே சேலத்தில் சித்திரை வெயிலில் காய்ந்த மரம் சுருங்கும். ஃபிரெட் முனைகள் துருத்திக்கொண்டு வாசிப்பவரின் கையைக் கீறும். மேலே ஐப்பசி மூடுபனியில் அதே மரம் ஈரத்தை இழுக்கும். பிரிட்ஜும் டியூனர்களும் துருப்பிடிக்கும், பாட்கள் கரகரக்கும். கம்பிகளின் இழுப்புக்கு எதிராக நெக்கை நேராக வைத்திருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைப் பருவம் மாறும்போதெல்லாம் கொஞ்சம் திருக வேண்டிவரும். மலையிலுள்ள தேவாலயத்துக்கோ பள்ளி இசைக்குழுவுக்கோ பழைய பாஸ் வாங்குகிறவர்கள், அந்தத் திருகு இன்னும் திரும்புகிறதா என்று விலை பேசும் முன்பே பார்த்தாக வேண்டும். இறுகிப் போயிருந்தாலோ கடைசிவரை திருகப்பட்டிருந்தாலோ பழுதுபார்க்கும் செலவு வாத்தியத்தின் விலையையே மிஞ்சலாம். 1950, 60களின் ஃபெண்டர்களிலும் அவற்றைப் பார்த்துச் செய்த பல கிடார்களிலும் திருகின் தலை நெக்கின் அடிப்பக்கம், உடலுக்குள் மறைந்திருக்கிறது. நெக்கைக் கழற்றிக் காட்ட விற்பவர் மறுத்தால், வேறு பாஸ் தேடலாம்.