முடிவு தெரிந்த பிறகும் படிக்கலாம்!

துப்பறியும் நாவல்களைப் பற்றி நம்மவரிடையே ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. "ஒரு தடவை படித்துவிட்டுத் தூக்கிப் போடவேண்டியதுதான். குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டால் பிறகு அதில் என்ன இருக்கிறது?" என்பார்கள். சாறு பிழிந்த கரும்புச் சக்கையை யாராவது மெல்லுவார்களா என்பது அவர்கள் வாதம். பிள்ளைகள் கையில் மர்ம நாவலைக் கண்டாலே, "பாடம் படிக்காமல் இந்தக் குப்பை எதற்கு?" என்று பிடுங்கி அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிடும் பெற்றோரையும் அறிவேன்.

தோட்டப்புறப் பள்ளியில் இருபது ஆண்டுகளாகப் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அதைவிட அதிக காலமாக மர்மக் கதைகள் படித்து வருகிறேன். அந்த உரிமையில் ஒன்று சொல்வேன்: நல்ல துப்பறியும் கதையை நாம் உண்மையிலேயே படிப்பது இரண்டாம் முறைதான். முதல் முறை, கதை நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இரண்டாம் முறை, நாம் நின்று நிதானித்து, எழுத்தாளர் நம்மை எந்தத் திருப்பத்தில் வழி மாற்றினார் என்று பார்க்கிறோம். அப்படிப் பார்க்கப் பழகியவருக்கு அந்தப் பழக்கம் புத்தகத்துக்கு வெளியிலும் கைகொடுக்கும்.

குரைக்காத நாய்

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் 'சில்வர் பிளேஸ்' என்று ஒன்று உண்டு. ஆர்தர் கோனன் டாயில் 1892-ல் எழுதியது. பந்தயத்துக்குச் சில நாள் முன்பு பெயர் பெற்ற குதிரை ஒன்று இரவில் லாயத்திலிருந்து காணாமற்போகிறது. அதன் பயிற்சியாளர் வெட்டவெளியில் இறந்து கிடக்கிறார். அன்று மாலை லாயத்தின் பக்கம் வந்துபோன அயலூர்க்காரன் ஒருவனைப் போலீசார் பிடித்து அடைக்கிறார்கள். படிக்கும் நமக்கும் அது நியாயமாகவே படுகிறது. வந்தவன் அந்நியன், பந்தயத்தில் பணம் கட்டுகிறவன், வேறு யார் செய்திருப்பார்?

ஹோம்ஸ் பார்ப்பது இரண்டு சிறு விஷயங்களை. லாயத்தில் நாய் இருந்தும், குதிரையை ஒருவர் ஓட்டிச் சென்றபோது அது குரைக்கவில்லை. நாய் யாரைக் கண்டால் குரைக்காது என்பதை நம் லயத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை! இன்னொன்று, காவலுக்கிருந்த பையனின் உணவில் அபின் கலந்திருந்தது. அதன் சுவை தெரியாமலிருக்கக் காரமான கறியில் கலந்திருக்கிறார்கள். அப்படியானால், அன்றிரவு கறி சமைக்கவேண்டும் என்று சொல்லக்கூடியவர் யார்? வந்துபோன அயலூர்க்காரனா, வீட்டில் இருந்தவர்களா?

இரண்டாம் முறை படிக்கும்போதுதான் வியப்பாக இருக்கும். ஆட்டிறைச்சிக் கறி, நாய் எல்லாம் முதற்பகுதியிலேயே வெளிச்சமாக இருக்கின்றன. நம் கண்தான் அந்த அயலூர்க்காரனை விட்டு நகரவில்லை.

ஊர் வாயும் உண்மையும்

அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' 1926-ல் வெளிவந்தது. ஒரு சிறு கிராமம். ஓய்வு பெற்ற துப்பறிவாளர் புவாரோ அங்கே சீமைச் சுரைக்காய் பயிரிட்டுக்கொண்டிருக்கிறார். ஊர்ப் பணக்காரர் கொலையுண்டதும் சந்தேகம் அவருடைய வளர்ப்பு மகன்மேல் விழுகிறது. கடன்காரன், கொலைக்குப் பிறகு ஆளையும் காணவில்லை. இது போதாதா?

முடிவைச் சொல்லி உங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள மாட்டேன். அந்நாளில் "எங்களை ஏமாற்றிவிட்டார்" என்று சிலர் சண்டைக்கே வந்தார்கள். ஆனால் முடிவைத் தெரிந்துகொண்டு முதற்பக்கத்திலிருந்து மீண்டும் படித்துப் பாருங்கள். எங்கும் பொய் இருக்காது. சொல்ல வேண்டியதைச் சொல்லி, நாமாக ஊகித்துக்கொள்ளும்படி விட்ட இடங்கள்தாம் இருக்கும். ஊகித்தது நாம், பழி ஆசிரியை மேல்!

அந்தக் கதையில் வரும் மருத்துவரின் தமக்கை காரோலைன் எனக்கு மிகவும் வேண்டியவர். வீட்டுப்படி தாண்டாமலே ஊர்ச் செய்தி அத்தனையும் திரட்டிவிடுவார். அவரைப் படைத்த மகிழ்ச்சியிலிருந்துதான் பின்னாளில் மிஸ் மார்ப்பிள் என்ற கிழவி பிறந்திருக்கலாம் என்று கிறிஸ்டியே குறிப்பிட்டிருக்கிறார். முதல் முறை கொலையாளியைத் தேடும் அவசரத்தில் காரோலைனைக் கடந்து போய்விடுவோம். இரண்டாம் முறைதான் அவரோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்.

மேடையில் மர்மம்

நாவலில் சந்தேகம் வந்தால் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டலாம். நாடகத்தில் அது முடியாது. கிறிஸ்டியின் 'தி மௌஸ்ட்ராப்', அதாவது எலிப்பொறி, 1952 நவம்பர் 25-ல் லண்டனில் தொடங்கியது. பனியால் வழி அடைபட்ட ஒரு விடுதி, உள்ளே சிலர், பனிச்சறுக்குக் கட்டைகளில் வந்து சேரும் ஒரு போலீஸ் அதிகாரி. இவ்வளவுதான் மேடை. 2020 மார்ச்சில் கோவிட் நோயால் நிறுத்தப்பட்டு, 2021 மே மாதம் மீண்டும் தொடங்கியது. முடிவை வெளியே சொல்லவேண்டாம் என்று பார்த்தவர்களிடம் கேட்டுக்கொள்வது அதன் வழக்கம். இத்தனை ஆண்டுகள் மக்கள் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் காத்து வந்திருக்கிறார்கள் என்பதே ஓர் அதிசயம்!

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்த மர்ம நாடகம் வேறு. ஜே. பி. பிரீஸ்ட்லியின் 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்'. 1946-ல் லண்டன் மேடைக்கு வந்தது. கதை நடப்பது 1912-ல். ஒரு தொழிற்சாலை முதலாளி வீட்டில் மகளின் நிச்சயதார்த்த விருந்து. அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து, ஏழைப் பெண் ஒருத்தி நஞ்சருந்தி இறந்துவிட்டாள் என்கிறார். விசாரிக்க விசாரிக்க ஒவ்வொரு கதவாகத் திறக்கிறது. அவள் முன்பு அந்த முதலாளியின் தொழிலாளி. வாரம் 22 ஷில்லிங் 6 பென்ஸ் கூலியை 25 ஷில்லிங்காக உயர்த்தக் கேட்டு வேலைநிறுத்தத்தில் நின்றவர்களில் ஒருத்தி. அதற்காக வேலை போனது. அதன்பின் அவளுக்கு நேர்ந்த ஒவ்வொன்றிலும் அந்த வீட்டார் ஒருவரின் கை இருக்கிறது.

கூலிக்காகப் போராடிய வரலாறு உள்ள தோட்டத்து மக்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? மற்றக் கதைகளில் பழி அந்நியன்மேல் விழும். இதிலோ மரியாதைக்குரிய விருந்து மேசையைச் சுற்றியே குற்றம் உட்கார்ந்திருக்கிறது. 'யார் செய்தார்' என்ற கேள்வி, 'நம்மில் யார் செய்யவில்லை' என்று மாறிவிடுகிறது.

நம் தமிழ்த் துப்பறிவாளர்கள்

தமிழிலும் மீண்டும் எடுத்துப் படிக்கத்தக்கவை உண்டு. தேவனின் 'துப்பறியும் சாம்பு' 1940-களில் ஆனந்த விகடனில் வந்தது. சாம்பு மந்தபுத்திக்காரர். அவர் தடுமாறி விழுந்தால் அந்த இடத்தில் திருடன் அகப்படுவான். உலகமோ அவரை மேதை என்று கொண்டாடும். முடிவு தெரிந்தும் சிரிப்பு குறைவதில்லை. தமிழ்வாணனின் சங்கர்லாலை இன்று படித்தால் மர்மம் சற்று இளைத்துத் தெரியும். ஆனாலும் அவரோடு ஊர் ஊராகப் பயணம் போன பழைய குதூகலம் திரும்பி வரும். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' வேறு ரகம். நடந்தது பேயின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்று கணேஷும் வசந்தும் தேடுவார்கள். முதல் முறை ஒரு பக்கம் சாய்ந்தவர் அடுத்த முறை மறுபக்கம் சாயலாம்.

எல்லா மர்ம நாவல்களும் இரண்டாம் வாசிப்பைத் தாங்கும் என்று சொல்ல வரவில்லை. கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒருவனைக் கொண்டுவந்து "இவன்தான் கொலைகாரன்" என்று நிறுத்தும் கதைகளை முதல் முறை படித்ததே தண்டம். ரோனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1929-ல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். துப்பறிபவர் தடயத்தை வாசகரிடம் மறைக்கக்கூடாது என்பவை அவற்றில் சில. சீனரைக் கதையில் கொண்டுவரவே கூடாது என்றும் ஒரு விதி உண்டு. அந்நாளைய மலிவுக் கதைகளில் சீனர் என்றாலே வில்லன் என்று ஆக்கிவைத்திருந்ததைக் கேலி செய்தே அப்படி எழுதினார். சீனக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கி வளர்ந்த நமக்கு அந்தக் கதைகளின் அபத்தம் உடனே புரியும்.

காணாமற்போன சங்கிலி

எங்கள் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் தங்கச் சங்கிலி காணாமற்போனது. பொழுது சாய்வதற்குள் முடிவு கட்டிவிட்டார்கள். வேறு தோட்டம் விற்கப்பட்டதால் புதிதாகக் குடிவந்திருந்த குடும்பத்துப் பையன், ஐந்தாம் ஆண்டு மாணவன். "அவன்தானே அக்கா நேற்று இந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தான்!" இந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. சங்கிலியைக் கடைசியாகப் பார்த்தது யார், எப்போது என்று மூன்றாம் நாள்தான் ஒரு பெரியவர் கேட்டார். குளிக்கப் போகும்போது கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டுவைத்த நினைவு அப்போதுதான் அந்த வீட்டுப் பாட்டிக்கு வந்தது. சங்கிலி கிடைத்துவிட்டது. பையன் பள்ளிக்குத் திரும்ப இரண்டு வாரமாயிற்று. திரும்பிய பின்னும் வகுப்பில் கை தூக்கிப் பேச அவனுக்கு நெடுநாள் பிடித்தது.

குதிரை லாயத்து அயலூர்க்காரனும் இந்தப் பையனும் வேறு வேறா? தெரியாத முகத்தைக் கண்டதும் தீர்ப்பு எழுதிவிடும் பழக்கம் எல்லா ஊருக்கும் பொது. கதையில் அதற்கு நட்டமில்லை. லயத்தில் ஒரு குழந்தையின் படிப்பு போகும்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வயதுக்கேற்ற துப்பறியும் கதையைப் பிள்ளை கையில் கொடுங்கள். பாதியில் நிறுத்தி, "யார்மேல் சந்தேகம்? ஏன்?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் அந்தத் தாளோடு முதற்பக்கத்துக்குத் திரும்பச் சொல்லுங்கள். "ஆளைப் பிடிக்கவில்லை, அதனால் சந்தேகப்பட்டேன்" என்று பிள்ளையே கண்டுபிடிக்கும் நேரம் வரும். என் வகுப்பில் அது பலமுறை வந்திருக்கிறது. நூறு அறிவுரை செய்யாத வேலையை அது செய்யும்.

மேல் தட்டில் வைத்த புத்தகத்தைக் கீழே எடுங்கள். முடிவு தெரிந்ததாக இருந்தால் மிகவும் நல்லது!