நடுநிலைப் பள்ளிக் கணித ஆசிரியரின் கல்வி

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “கணக்கு ஆசிரியர் என்ன படித்திருக்கிறார்?” என்பதே அது. எம்.எஸ்ஸி. என்று விடை வந்தால் நம் மனம் நிறைகிறது. அத்துணை படித்தவருக்கு ஆறாம் வகுப்புக் கணக்கு எம்மாத்திரம் என்று எண்ணி நாம் வீடு திரும்புகிறோம். இவ்வெண்ணத்தில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை இங்கே சிறிது ஆராய்வோம்.

ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளும் கணிதக் கல்வியில் ஒரு திருப்பமாகும். அதற்கு முன், எண் என்பது பெரும்பாலும் விரலாலும் புளியங்கொட்டையாலும் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்று. நடுநிலை வகுப்புகளிலோ, பின்னத்தால் வகுத்தலும், குறை எண்களும், விகிதமும், எண்ணுக்குப் பதிலாக எழுத்தை இட்டு எழுதுதலும் வந்து சேர்கின்றன. வகுத்தால் எண் சிறுத்துவிடும் என்று அதுகாறும் நம்பியிருந்த குழந்தை, பின்னத்தால் வகுத்தபோது அது பெருகக் கண்டு திகைக்கிறது. அத்திகைப்பைத் தீர்ப்பார் இல்லையேல், “எனக்குக் கணக்கு வராது” என்னும் முடிவுக்கு வந்துவிடுகிறது. பன்னிரண்டு வயதில் செய்துகொண்ட அம்முடிவு, பின்னாளில் பல தொழில்களின் வாயிலை அடைத்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும். “இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு” என்பது விதி. விடை மூன்றரை. விதி தெரிந்த மாணவன் விடையை எழுதிவிடுவான். ஆனால் அக்கணக்கு எதைக் கேட்கிறது? ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் புட்டிகளில் ஊற்றினால் எத்தனை புட்டி நிறையும் என்று கேட்கிறது. மூன்று புட்டிகள் நிறைந்தபின் கால் லிட்டர் எஞ்சும். அது அரைப் புட்டி. ஆகவே மூன்றரைப் புட்டி. ஒரு லிட்டரில் இரண்டு அரை லிட்டர் அடங்குவதால், அரையால் வகுப்பதும் இரண்டால் பெருக்குவதும் ஒன்றே. தலைகீழாக்கும் விதியின் உட்பொருள் இதுதான். அரையால் வகுத்தலையும் இரண்டு பாதியாகப் பங்கிடுதலையும் ஒன்றென மயங்கியவனுக்கோ, முக்காலே அரைக்கால் என்னும் தவறான விடை கிடைக்கும்.

இம்மயக்கம் மாணவருக்கு மட்டும் உரியதன்று. லிப்பிங் மா என்னும் அறிஞர், அமெரிக்க ஆசிரியர் 23 பேரிடமும் சீன ஆசிரியர் 72 பேரிடமும் இதே கணக்கைக் கொடுத்து ஆராய்ந்து, 1999-இல் நூலாக வெளியிட்டார். சீன ஆசிரியர் அனைவரும் சரியான விடை கண்டனர். அமெரிக்கருள் 9 பேரே முற்றிலும் சரியான விடையை அடைந்தனர். அக்கணக்குக்கு ஏற்ற ஒரு கதையைச் சொல்லும்படி கேட்டபோது, பொருளோடு பொருந்தச் சொன்ன அமெரிக்கர் ஒருவரே. வியப்பு யாதெனில், கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் அமெரிக்கர்கள். சீனரோ ஒன்பது ஆண்டுப் பள்ளிப் படிப்புக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள். பட்டத்தின் உயரம் மட்டும் வகுப்பறைக்குப் போதாது என்பது இதனால் விளங்கும்.

அப்படியாயின் உயர்கணிதம் வீண்தானா? அன்று. ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் 1908-இல் வெளியிட்ட விரிவுரைகளில் இந்நோயின் காரணத்தைச் சுட்டினார். பல்கலைக்கழகத்தில் நுழையும் மாணவன் பள்ளிக் கணிதத்தை மறக்கிறான். ஆசிரியனாகிப் பள்ளிக்குத் திரும்பும்போது பல்கலைக்கழகக் கணிதத்தை மறக்கிறான். இவ்வாறு இரு முறை தொடர்பு அறுந்துபோகிறது என்றார் அவர். ஆசிரியருக்குரிய மேற்படிப்பின் வேலை, அறுந்த இவ்விழையை மீண்டும் முடிச்சிடுவதே ஆகும்.

முடிச்சிடுவது எவ்வாறு? குறையைக் குறையால் பெருக்கினால் மிகை வருவதேன் என்று ஒரு மாணவி கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். “விதி அப்படி” என்பது விடையாகாது. ஒன்றையும் குறை ஒன்றையும் கூட்டினால் பூஜ்யம். அப்பூஜ்யத்தைக் குறை ஒன்றால் பெருக்கினாலும் பூஜ்யமே. இப்பெருக்கலை இரு பகுதிகளாகப் பிரித்துச் செய்வோம். முதற்பகுதி குறை ஒன்று. இரண்டாம் பகுதி, குறை ஒன்றைக் குறை ஒன்றால் பெருக்கி வருவது. இரண்டும் கூடிப் பூஜ்யமாக வேண்டுமாயின், இரண்டாம் பகுதி ஒன்றாகவே இருத்தல் வேண்டும். பட்டப்படிப்பில் வளையம் என்னும் பெயரால் ஆசிரியர் கற்றது இதனையே. கற்றதை இவ்வாறு ஏழாம் வகுப்புக்கு இறக்கித் தரும் பயிற்சியே அவருக்குத் தேவை.

நம் நாட்டின் நிலை யாது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்து ஓர் ஆசிரியராவது இருத்தல் வேண்டும். ஆகவே தாவரவியல் கற்றவரும் கணிதம் கற்பிக்க நேரலாம். இக்குறையை நீக்கும் வழியும் நம்மிடமே உண்டு. 1963-இல் அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு ஊர்களில் நிறுவப்பெற்ற மண்டலக் கல்லூரிகள், பாட அறிவையும் கற்பிக்கும் முறையையும் நான்காண்டுப் பட்டத்தில் ஒருங்கே இணைத்தன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 2030-க்குள் அத்தகைய நான்காண்டுப் பட்டமே ஆசிரியரின் குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்கிறது. பணியில் உள்ளவர் ஆண்டுதோறும் 50 மணி நேரமேனும் பயிற்சி பெற வேண்டும் என்றும் கூறுகிறது. அந்த 50 மணி நேரம் சுற்றறிக்கைகளை வாசிப்பதில் கழியுமா, பின்னத்தையும் குறை எண்ணையும் ஆழ்ந்து கற்பதில் செல்லுமா என்பதே கேள்வி.

நம் பிள்ளைகளுக்கு இதில் தனி அக்கறை உண்டு. தமிழில் ஒன்றரை, இரண்டரை என்னும் சொற்களே தம் பொருளைக் காட்டிவிடும். இந்தியிலோ ஒன்றரைக்கு ‘டேட்’ என்றும், இரண்டரைக்கு ‘டாயி’ என்றும் தனிச் சொற்கள் உள்ளன. இருபத்தொன்பதுக்குரிய சொல், முப்பதுக்கு ஒன்று குறைவு என்னும் கருத்தில் அமைந்தது. வீட்டில் தமிழும் வெளியில் இந்தியும் கேட்டு வளரும் குழந்தை அச்சொல்லில் தடுக்கி நின்றால், கணக்கே தெரியவில்லை என்று ஆசிரியர் எண்ணிவிடக் கூடாது. தடுக்கியது சொல்லா கருத்தா என்று பிரித்தறிய, கருத்தை அடிவரை அறிந்த ஆசிரியரால்தான் இயலும்.

ஆதலின் பட்டத்தோடு நம் விசாரணை நின்றுவிடலாகாது. குழந்தையின் கணக்கு நோட்டை எடுத்துப் பார்ப்போம். தவறான விடைக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு மட்டும் உள்ளதா, “எப்படிச் செய்தாய்?” என்னும் வினாவும் உள்ளதா என்று நோக்குவோம். அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் சட்டப்படி அமைந்த மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. கட்டடத்தையும் குடிநீரையும் பற்றிப் பேசும் அக்கூட்டத்தில், கணித ஆசிரியருக்குக் கற்க நேரம் தந்தீர்களா என்றும் நாம் கேட்கலாம். தாமும் கற்றுக்கொண்டே இருக்கும் ஆசிரியரின் வகுப்பில், “ஏன்?” என்று கேட்கக் குழந்தை அஞ்சுவதில்லை.