இனாமாய்ப் போன அட்டைக்கு எழுபது லட்சம் டாலர்!

சரக்கோடு இனாம் கொடுப்பது வணிகப் பெருமக்களுக்குப் புதிதல்ல. டீத்தூளோடு டம்ளர், சோப்போடு டப்பா, பிஸ்கட் பொட்டலத்துக்குள் படம் என்று எத்தனையோ நாம் விற்றிருக்கிறோம். இனாம் தீர்ந்துவிட்டால் சரக்கு நகர மறுப்பதும், சரக்கு தீர்ந்தபின் மிஞ்சிய இனாம் மூலையில் தூசி படிந்து கிடப்பதும் கல்லாவில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அறிந்ததுதான். அந்த இனாமுக்கென்று பேரேட்டில் யாரும் பக்கம் ஒதுக்குவதில்லை.

ஆனால் அமெரிக்காவில் சுமார் 115 ஆண்டுகளுக்கு முன் சிகரெட் பெட்டிக்குள் இனாமாகப் போட்ட ஒரு சிறு அட்டை, 2022-ஆம் ஆண்டில் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கை மாறியது. தங்கமல்ல, வைரமல்ல, நம் கட்டை விரலைவிடச் சற்றே பெரிய காகித அட்டை. அதில் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரின் படம், அவ்வளவுதான். இந்த விலை எப்படி வந்தது, அதில் நேர்மை எவ்வளவு, மோசடி எவ்வளவு என்று பார்த்தால், எந்தச் சரக்கு விற்பவருக்கும் பயன்படும் பாடங்கள் கிடைக்கின்றன.

பெட்டி நசுங்காமல் இருக்க

பேஸ்பால் என்பது கிரிக்கெட்டைப் போலவே மட்டையும் பந்தும் கொண்ட ஆட்டம். அமெரிக்க மக்களின் உயிர். 1880-களில் அங்கே சிகரெட்டுகள் மெல்லிய காகிதப் பொட்டலத்தில் வந்தன. சிகரெட் ஒடியாமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைத்தார்கள். வெறும் அட்டை எதற்கு, படம் அச்சடித்து வைத்தால் வாங்குபவர் மறுபடியும் வருவாரே என்று ஒரு வியாபார மூளைக்குத் தோன்றியது. நடிகைகள், பறவைகள், கொடிகள், ஆட்டக்காரர்கள் என்று வரிசை வரிசையாகப் படங்கள் வந்தன. முழு வரிசையும் சேர வேண்டுமானால் அதே மார்க்கைத்தானே வாங்கியாக வேண்டும்!

1890-இல் ஜேம்ஸ் டியூக் என்பவர் ஐந்து பெரிய சிகரெட் நிறுவனங்களை ஒன்றாகச் சேர்த்து அமெரிக்கன் டுபாக்கோ கம்பெனியை அமைத்தார். போட்டி போனது; சில ஆண்டுகளில் அட்டையும் குறைந்தது. எதிர்க்கடை இல்லாதவர் இனாம் கொடுப்பாரா? இது எல்லா ஊருக்கும் பொதுவான வணிக நியதி.

அதே நிறுவனம் 1909-இல் மீண்டும் பேஸ்பால் அட்டைகளைப் போட ஆரம்பித்தது. 1911 வரை வெளிவந்த இந்த வரிசையைத்தான் சேகரிப்பாளர்கள் ‘டி 206’ என்று அழைக்கிறார்கள். மொத்தம் சுமார் 524 படங்கள். பீட்மாண்ட், ஸ்வீட் கேபரல், போலார் பேர் என்று பதினாறு மார்க்குகளின் விளம்பரம் பின்பக்கத்தில் இருக்கும். அவற்றுள் ஒன்றின் பெயர் ‘ஹிந்து’ என்றால் நம் வாசகர்கள் வியக்கக்கூடும். முன்பக்கப் படம் ஒன்றேயானாலும், பின்பக்க மார்க் அரிதாக இருந்தால் இன்று விலை பல மடங்கு. 1911 மே மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டத்தின்கீழ் அந்தக் கம்பெனியைப் பிரித்துவிடும்படி உத்தரவிட்டது.

வேண்டாம் என்ற ஆட்டக்காரர்

இந்த வரிசையில் தலையாயது பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஹோனஸ் வாக்னர் படம். அக்காலத்தின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். 1936-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலில் தேர்வான ஐவரில் ஒருவர். தம் படத்தைச் சிகரெட்டோடு விற்க அவர் சம்மதிக்கவில்லை. அதனால் அச்சு நின்றது. அதற்குள் வெளியே போனவை மிகச் சில. இன்று இருப்பதாக அறியப்பட்டவை ஏறத்தாழ ஐம்பது, அறுபதுதான்.

ஏன் மறுத்தார்? படத்துக்காகப் பிள்ளைகள் சிகரெட் வாங்கக் கூடாது என்று எண்ணினார் என்பது ஒரு பேச்சு. பணம் தராததால் மறுத்தார் என்பது இன்னொரு பேச்சு. அவரே புகையிலை பழக்கம் உள்ளவர்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1912-இல் ‘ஸ்போர்ட்டிங் நியூஸ்’ பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. வாக்னரின் சம்மதத்தை வாங்கித் தந்தால் 10 டாலர் தருவதாக ஜான் குரூபர் என்ற பிட்ஸ்பர்க் பத்திரிகையாளரிடம் சிகரெட் கம்பெனி சொல்லியிருந்ததாம். வாக்னர் மறுத்தார், ஆனால் தம்மால் நண்பருக்கு வரும்படி போகக் கூடாது என்று தாமே 10 டாலருக்குக் காசோலை அனுப்பிவைத்தாராம். காரணம் எதுவானாலும், தம் பெயரை எந்தச் சரக்கில் ஒட்டலாம், எதில் கூடாது என்று முடிவு செய்யும் உரிமை தமக்கே உண்டு என்று நின்றார். பெயர்தான் முதல் என்பதை நம் வணிகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பிழைக்கும் விலை உண்டு

அரிதாவதற்கு வேறு வழிகளும் உண்டு. ஷெர்ரி மெகீ என்பவரின் பெயர் முதலில் எழுத்துப் பிழையோடு அச்சாகிப் பிறகு திருத்தப்பட்டது. பிழையுள்ள அட்டைக்குத்தான் இன்று பெரிய விலை. ஜோ டாயில் என்பவரை அவர் ஆடாத சங்கத்தின் பெயரோடு அச்சடித்துவிட்டார்கள். உடனே திருத்தியதால் பிழையுள்ளவை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே உள்ளன.

மிட்டாய்க்காரர்களும் பின்தங்கவில்லை. கிராக்கர் ஜாக் என்ற இனிப்புச் சோளப்பொரி 1914-இல் 144 படங்களைப் பெட்டிக்குள் போட்டது. பாகு ஒட்டிப் படங்கள் கறை பட்டன. அடுத்த ஆண்டு 176 படங்கள். இம்முறை 100 கூப்பன்களோ, அல்லது ஒரு கூப்பனும் 25 சென்ட்டுமோ அனுப்பினால் முழு வரிசையும் தபாலில் வரும் என்று அறிவித்தார்கள். ஆகவே 1915-ஆம் ஆண்டு அட்டைகள் சுத்தமாகவும் சற்று அதிகமாகவும் கிடைக்கின்றன. 1914-ஆம் ஆண்டு அட்டை கறையில்லாமல் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். பொதி கட்டும் முறையே பின்னாளில் விலையைத் தீர்மானித்துவிட்டது பாருங்கள்!

கௌடி என்ற சூயிங்கம் கம்பெனி 1933-இல் போட்ட 240 அட்டை வரிசையில் 106-ஆம் எண் மட்டும் வரவே இல்லை. அந்த ஒன்றைத் தேடிப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். புகார்க் கடிதங்கள் வந்தபின், 1934-இல் அதை அச்சடித்து, கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். இல்லாத இனாமைக் காட்டிச் சரக்கை விற்பது எத்தனை நாளுக்கு நடக்கும்?

பட்டியல் போட்ட தொழிலாளி

சரக்கு எவ்வளவு இருந்தாலும் பட்டியல் இல்லாவிட்டால் சந்தை இல்லை. அந்தப் பட்டியலைப் போட்டவர் கோடீஸ்வரர் அல்லர். நியூயார்க் மாநிலம் சிராக்யூஸ் நகரில் மின்சாரப் பொருள் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜெபர்சன் பர்டிக். மூட்டுவாதத்தால் கை விரல்கள் மடங்காத நிலையிலும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகளையும் அச்சுப் படங்களையும் சேர்த்தார். புகையிலை அட்டைக்கு ஓர் எழுத்து, மிட்டாய் அட்டைக்கு ஓர் எழுத்து, பிறகு எண் என்று வகை பிரித்தார். ‘டி 206’ என்ற பெயரே அவர் இட்டதுதான். அனைத்தையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்து, தாமே ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார். அதே ஆண்டு மார்ச்சில் காலமானார். இன்று லட்சக்கணக்கான டாலர் புரளும் தொழில், பணம் பார்க்காத ஒருவர் எழுதிய கணக்கின்மேல்தான் நிற்கிறது.

கடைக்காரரின் பரண்

நம் வாசகர்களுக்கு மிகவும் நெருக்கமான சம்பவம் ஒன்று. ஒஹையோ மாநிலம் டிபையன்ஸ் என்ற ஊரில் 1900-களின் தொடக்கத்தில் ஒருவர் இறைச்சிக் கடை நடத்தினார். 1910-ஐ ஒட்டி மிட்டாயோடு வந்த படங்கள் ஒரு கட்டு அவரிடம் வந்து சேர்ந்தன. வாடிக்கையாளருக்குக் கொடுத்ததுபோக மிஞ்சியதை வீட்டுப் பரணில் போட்டிருக்க வேண்டும். நூறு ஆண்டுகள் கழித்து, 2012-இல், பேரப்பிள்ளைகள் வீட்டைக் காலி செய்தபோது, பொம்மை வீடு ஒன்றின் அடியில் பழைய அட்டைப்பெட்டி அகப்பட்டது. உள்ளே நூலால் கட்டிய சுமார் 700 படங்கள், எவர் கையும் படாத புதுக் கருக்கோடு! முதல் தவணையாக ஏலத்துக்கு வந்த 37 அட்டைகளே ஐந்தரை லட்சம் டாலருக்கு மேல் போயின. குடும்பத்தார் எல்லோரும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே குடோனைக் கிளற வேண்டாம்! தேங்கிய சரக்கெல்லாம் தங்கமாகாது. ஊரெல்லாம் தூக்கி எறிந்ததால்தான் இது அரிதானது. எல்லோரும் பத்திரப்படுத்தினால் எதுவும் அரிதாகாது.

ஓரம் வெட்டிய சரக்கு

இனி மோசடிக்கு வருவோம். வாக்னர் அட்டைகளில் பெயர் பெற்ற ஒன்று 1985-இல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரியால் 25,000 டாலருக்கு வாங்கப்பட்டது. 1987-இல் அவர் அதை 1,10,000 டாலருக்கு விற்றார். 1991-இல் சாத்பீஸ் ஏலத்தில் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு எடுத்தார்கள். அதன்பின் அதற்குத் தரச்சான்று கிடைத்தது. பி.எஸ்.ஏ. என்ற நிறுவனம் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இட்டு பிளாஸ்டிக் உறையில் மூடித் தரும். அந்நிறுவனத்தின் முதல் சான்றே இந்த அட்டைக்குத்தான், மதிப்பெண் எட்டு.

1995-இல் வால்மார்ட் கடைக்காரர்கள் 5 லட்சம் டாலருக்கு வாங்கிப் பரிசுப் போட்டியில் வைத்தார்கள். சிகரெட் விற்க இனாமாகப் பிறந்தது, மறுபடியும் கடைக்குக் கூட்டம் சேர்க்கும் இனாமானது! 1996-இல் பரிசை வென்ற தபால் ஊழியர், வரி கட்ட வழியில்லாமல் அதை ஏலத்தில் விற்றுவிட்டார். 2000-இல் 12 லட்சத்து 65 ஆயிரம், 2007-இல் 28 லட்சம் டாலர் என்று விலை ஏறிக்கொண்டே போனது.

2013-இல் குட்டு உடைந்தது. மாஸ்ட்ரோ பின்னாளில் பெரிய ஏல நிறுவனம் நடத்தினார். ஏலத்தில் ஆள் வைத்து விலையை ஏற்றிவிட்ட குற்றத்துக்காகச் சிகாகோ நீதிமன்றத்தில் நின்றபோது, அந்த வாக்னர் அட்டையின் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதாக ஒப்புக்கொண்டார். 2015-இல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பழைய அட்டையில் முனை மழுங்கியிருப்பது வயதின் அடையாளம். அதைக் கத்தரித்துப் புதிதாகக் காட்டுவதும், அரிசிக்கு மெருகேற்றிப் புது அரிசி என்று விற்பதும் ஒன்றே.

ஒன்றைக் கவனியுங்கள். 2021-இல் 66 லட்சம் டாலரைத் தாண்டிய வாக்னர் அட்டையின் மதிப்பெண் மூன்றுதான். 2022-இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனதன் மதிப்பெண் இரண்டே! காலம் வேறு, சந்தை வேறு என்பது உண்மைதான். இருந்தாலும் மழுங்கிய முனையை மறைக்காமல் வந்த சரக்கையும் பெரிய விலை கொடுத்து வாங்க ஆள் இருந்தார்கள் என்பது நம் மனதில் நிற்க வேண்டும்.

வாங்குவோர் கவனிக்க

அயல்நாட்டு உறவினர் மூலமாகவோ ஏலத்திலோ இத்தகைய அட்டையை யாரேனும் காட்டினால் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும்:

1. வாக்னர் அட்டைக்கு மறு அச்சுகள் ஏராளம். பூதக்கண்ணாடியில் பார்த்தால், பழைய அச்சில் பெயர் எழுத்துகள் ஒரே மையாகக் கெட்டியாக இருக்கும். தற்கால நான்கு வண்ண அச்சில் எழுத்தும் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

2. அதே வரிசையின் வேறோர் அசல் அட்டையோடு வைத்து அளவு பாருங்கள். குறைந்தால் கத்தரித்திருக்கலாம்.

3. யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற சரித்திரம் கேளுங்கள். பில் இல்லாத சரக்குக்கு நாம் என்ன மரியாதை தருவோமோ அதே மரியாதைதான் இதற்கும்.

4. சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம். வெட்டிய அட்டைக்கும் எட்டு மதிப்பெண் கிடைத்ததை மேலே கண்டோம்.

5. கடன் வாங்கி இதில் முதலீடு செய்வது கூடவே கூடாது. இது வட்டி தராது. விற்க நினைக்கும் நாளில் வாங்க ஆள் இருக்க வேண்டும்.

சேகரிப்பு நல்ல பொழுதுபோக்கு. சரித்திரத்தையும் கற்றுத் தருகிறது. வணிகருக்கு அதைவிடப் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. சரக்குக்கு விலை இடுவது அரிது என்ற நிலை மட்டுமல்ல. விற்பவர் சொல்வது உண்மை என்ற நம்பிக்கையும்தான். முதலாவது தானாக வாய்ப்பது. இரண்டாவதை நம் கல்லாவில் நாம்தான் நாள்தோறும் சேர்க்க வேண்டும்.