பெட்டிமுடி: பேரிடர் நிலத்தைப் பார்வையாளருக்கு எப்படித் திறப்பது?

இடுக்கி: கொச்சி – தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை, மூணாறையும் உடும்பஞ்சோலை வட்டத்தின் பூப்பாறையையும் கடந்து, போடிமெட்டு வழியாகத் தமிழகத்தில் இறங்குகிறது. அச்சாலையின் முடிவில், 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடி உள்ளது. மூணாறிலிருந்து ராஜமலை வழியாகப் பிரியும் மலைப்பாதையில், 2020ஆம் ஆண்டு நிலச்சரிவில் புதைந்த பெட்டிமுடி உள்ளது. தனுஷ்கோடி சுற்றுலாத் தலமாகிவிட்டது. பெட்டிமுடிக்கு வருவோரை எப்படி வரவேற்பது, எங்கே நிறுத்துவது என்பதை இப்போதே சிந்திக்க வேண்டியுள்ளது.

பெட்டிமுடியில் என்ன நடந்தது?

2020 ஆகஸ்ட் 6 இரவு, கனமழையில் மலைச்சரிவு பெயர்ந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடியது. 70 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 66 பேரின் உடல்களே மீட்கப்பட்டன. 4 பேரின் உடல்கள் கிடைக்கவில்லை. உயிரிழந்தோர் பெரும்பாலும் தமிழர்கள். பலரது பூர்விகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு வட்டாரம். மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டிருந்ததால், மறுநாள் காலையில்தான் செய்தி வெளியுலகை எட்டியது. மீட்கப்பட்டவர்கள் ராஜமலையில் ஒரே இடத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். குட்டியாறு பள்ளத்தாக்கில் 8 குடும்பங்களுக்குப் புதிய வீடுகள் கட்டித் தரப்பட்டன.

பார்வையாளர் யார்?

வடிவமைப்பில் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இதுவே. பெட்டிமுடிக்கு மூவகையினர் வருகின்றனர். உறவுகளை இழந்தோர் முதல் வகை. கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலக்குடிக்கு இவ்வழியே சென்று வரும் முதுவான் மக்கள் இரண்டாம் வகை. மூணாறுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் மூன்றாம் வகை. எண்ணிக்கையில் மிகுந்த மூன்றாம் வகையினரை மனத்தில் கொண்டு வாகன நிறுத்தமும் காட்சி மேடையும் அமைத்தால், முதல் வகையினர் தங்கள் உறவினர் புதைந்த மண்ணிலேயே அந்நியராகிவிடுவர். நால்வர் இன்னும் கிடைக்காத நிலையில், அந்தச் சரிவு முழுவதும் கல்லறைக்கு ஒப்பானது. அதன் மீது நடைபாதையோ கடையோ அமையக்கூடாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

தனுஷ்கோடி தரும் எச்சரிக்கை

1964 டிசம்பர் 22 இரவு தாக்கிய புயல், துறைமுக நகரான தனுஷ்கோடியையும், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் விழுங்கியது. வாழத் தகுதியற்ற இடம் என அந்நகரை அரசு அறிவித்தது. தேவாலயமும் ரயில் நிலையமும் இடிபாடுகளாக எஞ்சின. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டதும் மக்கள் வருகை பெருகியது. அதுவரை மணலில் வேன்களில் செல்ல வேண்டியிருந்தது. சாலை முதலில் வந்து, நினைவிடத்துக்கான ஒழுங்கு பின்தங்கினால், இடிபாடு புகைப்படப் பின்னணியாகச் சுருங்கிவிடும்.

பிற இடங்களில் எப்படி?

குஜராத்தின் புஜ் நகரில், 2001 நிலநடுக்கத்தில் இறந்த சுமார் 13,000 பேருக்காக 'ஸ்மிருதிவனம்' 2022இல் திறக்கப்பட்டது. 470 ஏக்கர் குன்றில் மழைநீரைத் தேக்கும் தடுப்பணைகளைக் கட்டி, அவற்றின் சுவர்களில் இறந்தோரின் பெயர்களைப் பொறித்தனர். வறண்ட மண்ணுக்கு நீர் சேர்க்கும் கட்டுமானமே அங்கு நினைவுச் சின்னமாயிற்று.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள அபர்ஃபானில், 1966இல் நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்தனர். புதைந்த பள்ளி இருந்த இடம் இன்று பூங்கா. ஊர்மக்கள் வற்புறுத்திப் பெற்ற முக்கியமான ஒன்று, மலையில் எஞ்சியிருந்த கழிவு மேடுகளை அகற்றியது. அதே ஆபத்து தலைக்கு மேல் நிற்கும்போது அஞ்சலிக்கு அமைதி ஏது?

பெட்டிமுடிக்குப் பொருந்துவது எது?

புஜ்ஜில் நீரைத் தேக்கினர். பெட்டிமுடியில் நீரை வடியவிட வேண்டும். சரிந்து குவிந்த மண்ணும் பாறையும் இறுகாதவை. மழைநீர் ஊறினால் மீண்டும் நகரக்கூடியவை. அதன் மீது கான்கிரீட் சுமையை ஏற்றுவதும், பாதைக்காகச் சரிவின் அடிவாரத்தை வெட்டுவதும் ஆபத்தை வரவழைக்கும். எனவே கட்டுமானம் சரிவுக்கு வெளியே, உறுதியான நிலத்தில், சிறிய அளவில் அமைய வேண்டும். மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, அமர ஒரு திண்ணை, சரிவை எதிரில் காணும் ஒரு திறப்பு, தமிழிலும் மலையாளத்திலும் 70 பெயர்கள் ஆகியவை போதும்.

வருகையைக் கட்டுப்படுத்த முன்மாதிரி அருகிலேயே இருக்கிறது. இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு வருவோர் தங்கள் வாகனங்களை நிறுத்திவிட்டு, வனத்துறைப் பேருந்தில்தான் ராஜமலைக்குச் செல்கின்றனர். வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில் பூங்கா மூடப்படுகிறது. அதேபோல், பெருமழை எச்சரிக்கை நாள்களில் பெட்டிமுடிக்கான சுற்றுலா வருகையை நிறுத்தலாம். ஆகஸ்ட் 6ஆம் தேதியை உறவினர்களுக்கென ஒதுக்கலாம்.

உடும்பஞ்சோலையின் ஏலத் தோட்டங்களிலும் மூணாறின் தேயிலைத் தோட்டங்களிலும் இன்றும் தொழிலாளர் குடும்பங்கள் மலைச்சரிவுகளில் வாழ்கின்றன. அங்கு மழைமானியும், எச்சரிக்கை ஒலிபெருக்கியும், இரவிலும் இயங்கும் தகவல் தொடர்பும் நிறுவப்பட்டால், பெட்டிமுடியின் நினைவகத்தில் அவையும் ஒரு பகுதியே.