கூரையில்லா வண்டியும் உப்புக் காற்றும்



புத்தளத்திலிருந்து தெற்கே சென்று, பாலாவிச் சந்தியில் வலப்புறம் திரும்பிக் கற்பிட்டியை நோக்கி ஓடும் வீதியை உங்களிற் பலர் அறிவீர்கள். வலக்கைப் பக்கத்தே களப்பும், இடக்கைப் பக்கத்தே தென்னந்தோப்புகளுக்கு அப்பால் கடலும் உடன்வர, காலை வேளையில் அவ்வழியே மெல்லச் செல்லுதல் ஒரு பேறு ஆகும். அதனைக் கூரையை மடித்துவிட்ட வண்டியிற் சென்று துய்த்தல் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவ்வாசையின் பொருட்டு நான் தேடிக் கற்றவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

ஆங்கில நாட்டில் இருவர் மட்டும் அமரத்தக்க, கூரை மடங்கும் சிறு வண்டிகள் பல செய்யப்பெற்றன. அவற்றுட் புகழ்மிக்கது எம்.ஜி. ஆகும். ஒக்ஸ்போட் நகரின் மொறிஸ் கராச் என்னும் பெயரின் முதலெழுத்துக்களே எம்.ஜி. என்பன. 1929 ஆம் ஆண்டு முதல் அபிங்டன் என்னும் சிற்றூரில் இயங்கிய அதன் தொழிற்சாலை 1980 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 1962 தொடக்கம் 1980 வரை வெளிவந்த எம்.ஜி.பி. என்னும் வகையில் மட்டும் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் பிறந்தன. அதே 1962 இல் தோன்றி அதே 1980 இல் மறைந்த மற்றொன்று ட்ரயம்ப் ஸ்பிட்பயர்.

நம் நாட்டில் இத்தகைய பழைய வண்டிகள் இன்னும் ஓடுவதற்குக் காரணம் உண்டு. தோட்டத்துரைமாரும் செல்வரும் கொணர்ந்த வண்டிகள், 1960 களிலிருந்து 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் எறியப்படாது பேணப்பட்டன. புதியது கிடையாதபோது பழையதைப் பழுதுபார்த்தல் அன்றோ இயல்பு! 2020 இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025 இலேயே தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. அவ்விடைக்காலத்தில் பழைய வண்டிகளின் விலையும் ஏறியது.

2019 ஆம் ஆண்டில், கொழும்புக்கு அண்மையில் சிவப்பு நிற எம்.ஜி.பி. ஒன்று விற்பனைக்கு உண்டென அறிந்தேன். என்னிடமிருந்த சேமிப்போ வீட்டுக்கு ஓடு மாற்றுவதற்கென வைத்தது. "கூரை மாத்த வைச்ச காசில கூரையில்லாத வண்டியோ?" என்று என் மனைவி கேட்டார். விடை கூறாது புறப்பட்டேன். புத்தளத்தில் கராச் வைத்திருக்கும் மூத்த மெக்கானிக் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றேன். அவர் என்னிடம் வேண்டியது ஒன்றே: பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து ஒரு சிறு காந்தம்.

வண்டி கண்ணைப் பறித்தது. நானோ கைப்பணம் கொடுக்க ஆயத்தமாகிவிட்டேன். மெக்கானிக் பேசாது குனிந்து, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிபோன்ற தகட்டின்மீது காந்தத்தை வைத்தார். அது ஒட்டாது நிலத்தில் விழுந்தது. ஒரு முழ நீளத்துக்கு இரும்பே இல்லை. கறள் தின்ற இடத்தைப் பட்டியால் நிரப்பி, மேலே வர்ணம் பூசியிருந்தனர்.

இதன் கருத்தை விளக்குதல் வேண்டும். சாதாரண வண்டியின் பாரத்தை அதன் கூரையும் சேர்ந்து தாங்குகின்றது. கூரையற்ற வண்டியில் அவ்வுதவி இல்லை. எம்.ஜி.பி.க்குத் தனியான அடிச்சட்டமும் இல்லை. ஆதலால் வண்டி நடுவே வளையாமல் தடுப்பவை, கதவுகளின் கீழேயுள்ள அவ்விரு பெட்டித் தகடுகளும் நடுத்தளமுமே ஆகும். அவை இற்றுப்போயின், ஓரளவு பெரிய குழியில் விழும்போதே கதவுகள் இறுகும். விபத்து நேரின் உயிருக்கே ஆபத்தாகும். வண்டியை ஜக் கொண்டு உயர்த்தியபின் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். முன்னர் இலகுவாக மூடிய கதவு இப்போது உராய்ந்தால், அவ்வண்டியை வாங்காதிருத்தல் நன்று.

1950 ஐ அடுத்து வந்த எம்.ஜி. ரி.டி. போன்ற மூத்த வண்டிகளுக்குத் தனி அடிச்சட்டம் உண்டு. ஆயினும் அவற்றின் உடலுக்குள் மரச்சட்டம் இருத்தலால், நம் நாட்டில் கறளோடு உக்கலையும் கறையானையும் தேடுதல் வேண்டும். சிறு பணத்தார் விரும்பும் மொறிஸ் மைனரிலும் மடிகூரை வகை உண்டு. அங்கே வேறொரு பொறி உளது: சாதாரண வண்டியின் கூரையை அறுத்தெறிந்து, மடிகூரை வண்டியென விற்பார் உளர். தொழிற்சாலையில் அவ்வாறே செய்யப்பட்டதற்கு அடிப்புறத்தில் மேலதிக வலுவூட்டல் இருக்கும். அறுத்ததற்கு அது இராது.

எஞ்சின் பழுது அத்துணை அஞ்சத்தக்கதன்று. எனினும் ஒன்று கேளுங்கள். இப்பழைய எஞ்சின்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்கென ஆக்கப்பட்டவை. ஈயமானது புகைவெளியேறும் வால்வு அமரும் இடத்தைத் தேயாமற் காத்தது. 2002 ஆம் ஆண்டில் இலங்கையில் அப்பெற்றோல் நிறுத்தப்பட்டது. ஆகவே வால்வு அமரும் இடங்களுக்குக் கடினமான உலோக வளையங்கள் இடப்பட்டனவா என வினவுங்கள். பற்றரியையும் கவனியுங்கள்: 1960 களின் நடுப்பகுதி வரையுள்ள பல ஆங்கில வண்டிகளில் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டது. இக்கால வழக்கப்படி மாற்றி இணைப்பின் மின்கருவிகள் பழுதாகும்.

பின்னர்ப் பத்திரங்கள். பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். இலக்கத்தகடும் கதை கூறும். ஆங்கில எழுத்துக்களைத் தாங்கிய பழைய தகடு, 1957 இல் சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முற்பட்ட பதிவைக் குறிக்கும். அவ்வெழுத்தின் பொருட்டு அக்காலத்தில் நிகழ்ந்தவற்றை நம் மூத்தோர் மறவார். ஒரு வண்டியின் தகட்டிலும் நாட்டின் வரலாறு எழுதப்பட்டிருக்கின்றது.

அந்தச் சிவப்பு வண்டியை விட்டுத் திரும்பினேன். வழிநெடுகிலும் வருத்தமே. மாரவிலையைக் கடக்கையில் மெக்கானிக் கூறினார்: "சேர், வர்ணத்தை வாங்கினா வண்டியைத் தனியா வாங்க வேணும்." அப்பணத்தில் வீட்டுக்கு ஓடு மாற்றினேன். அடுத்த மழையில் ஒரு துளியும் ஒழுகவில்லை.

நான்கு ஆண்டுகளின் பின், நிறம் மங்கிய ஸ்பிட்பயர் ஒன்று கிடைத்தது. அதற்குத் தனி அடிச்சட்டம் உண்டு. ஓரத் தகடுகளில் காந்தம் எங்கும் ஒட்டியது. முன்மூடி முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறப்பதால், எஞ்சின் வேலை இலகு. அதன் மங்கிய நிறமே அதன் நேர்மைக்குச் சான்றென எனக்குத் தோன்றியது.

ஆனால் வாங்குதலோடு கடமை முடிவதில்லை. நம் கரையின் பகைவன் உப்பு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து இரும்பின்மீது வைத்திருக்கும். அவ்வுப்புநீர் கறள் ஏறுதலை விரைவுபடுத்தும். வைகாசி முதல் புரட்டாதி வரை கற்பிட்டிப் பக்கத்தில் தென்மேற்குக் காற்று வன்மையாக வீசும். அக்காலத்தில் ஒவ்வொரு பயணத்தின் பின்னும் நல்ல தண்ணீரால், சிறப்பாக அடிப்புறத்தை, கழுவுதல் வேண்டும். ஈரத் துணிக்கூரையை மடித்து வைத்தலாகாது. அது பூஞ்சணம் பிடிக்கும். தென்னையின் கீழ் நிறுத்துதல் எத்துணை அறியாமை என்பதைப் புத்தளத்தார்க்கு நான் கூறவேண்டியதில்லை. இரவில் வீதியில் நிற்கும் நம்மூர்க் கழுதைகளையும் நினைவில் வைத்தல் நன்று.

இப்போது சனிக்கிழமைக் காலைகளில் நானும் மனைவியும் தலவில வரை செல்கின்றோம். மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் நான் ஓட்டுவதில்லை. முச்சக்கரவண்டிகளும் எம்மை முந்திச் செல்லும். அதுபற்றி வருத்தம் இல்லை. வீடு திரும்பியதும் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பவர் என் மனைவி. அடிப்புறத்தைக் கழுவிக்கொண்டே, அவ்வப்போது காந்தத்தையும் வைத்துப் பார்க்கின்றார்.

ஆசை தவறன்று, நேயர்களே. ஆசையுற்ற பொருளின் அடிப்புறத்தையும் குனிந்து பார்க்கும் பொறுமையே வேண்டுவது.