உஷார்! 'டிப்ரஷன்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்

செல்போனில் ஒன்பது கேள்விகள் சுற்றி வருகின்றன. பி.ஹெச்.கியூ-9 என்று பெயர். இரண்டு வாரமாகத் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆர்வம் இருக்கிறதா என்று கேட்டு மதிப்பெண் போடும். டாக்டர்களும் பயன்படுத்தும் கருவிதான். ஆனால், சோர்வு எவ்வளவு என்று கேட்குமே தவிர, எதனால் என்று கேட்காது. அந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, தெரிந்தவர் சாப்பிடும் மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்!

முதல் சந்தேகம் தைராய்டு மேல் விழ வேண்டும். அந்தச் சுரப்பி மந்தமானால் படுக்கையை விட்டு எழ மனம் வராது. மறதி, அழுகை, எதிலும் பிடிப்பின்மை. கூடவே மலச்சிக்கல் இருக்கிறதா, தோல் வறள்கிறதா, எல்லோரும் ஃபேன் கேட்கும்போது உங்களுக்கு மட்டும் குளிர்கிறதா என்று யாராவது கேட்டால்தான் குட்டு வெளிப்படும். தைராய்டு குறைந்து மனம் பேதலித்த 14 பேரைப் பற்றி லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் 1949லேயே எழுதிவிட்டார். தைராய்டு மருந்து கொடுத்ததும் அவர்களில் பலர் தேறினார்கள். இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்த ஒரு டெஸ்ட் எடுக்காமல் மாதக்கணக்கில் மனநல மாத்திரை விழுங்குவது என்ன நியாயம்?

டெஸ்ட் எடுத்தாலும் ஒரு கண்ணி இருக்கிறது. தைராய்டு குறைந்தால் முடி கொட்டும். முடி கொட்டினால் நாம் என்ன செய்கிறோம்? பயோட்டின் மாத்திரை வாங்குகிறோம். உடம்புக்கு ஒரு நாள் தேவை சுமார் 30 மைக்ரோகிராம். கடையில் கிடைப்பதோ 10 மில்லிகிராம் வரை, அதாவது 300 மடங்குக்கு மேல். இந்த அளவு உள்ளே போனால், தைராய்டு மந்தமானவருக்கு உயர வேண்டிய டி.எஸ்.ஹெச். அளவைப் பல லேப் முறைகள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கோளாறு இருப்பவருக்கு 'நார்மல்' என்று ரிப்போர்ட் வரலாம். ரத்தப் பரிசோதனைகளை பயோட்டின் குழப்புகிறது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017ல் எச்சரித்தது. டெஸ்ட்டுக்கு இரண்டு நாளாவது முன்பே நிறுத்துங்கள். பயோட்டின் சாப்பிடுவதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். பி12 வைட்டமின் குறைந்தாலும் சோர்வு வரலாம் என்பதால், சர்க்கரைக்காக வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களும், சுத்த சைவக்காரர்களும் பி12 அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

பிள்ளை பெற்ற வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை. முதல் சில நாள் அழுகை பலருக்கும் வரும். இரண்டு வாரத்தில் அடங்கும். அடங்காவிட்டால் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். சிலருக்கு, பிரசவமான ஓராண்டுக்குள் தைராய்டு முதலில் தாறுமாறாகச் சுரந்து படபடப்பையும் எரிச்சலையும் கொடுத்து, சில மாதம் கழித்துப் படுத்துவிடும். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதெல்லாம் குழந்தையின் தடுப்பூசிக்குத்தான். தாயை யார் பார்க்கிறார்கள்? அதே வருகையில் அவளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பிரசவமான முதல் சில வாரங்களில் தூக்கமே இல்லாமல் சுறுசுறுப்பாக இருக்கிறாள், சம்பந்தமில்லாமல் பேசுகிறாள், குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதோ சொல்கிறாள் என்றால் அன்றிரவே ஆஸ்பத்திரி! ஆயிரத்தில் ஒன்றிரண்டு தாய்மார்களுக்கு வரும் இது உயிருக்கே ஆபத்தான அவசர நிலை. காத்து கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போய் நேரத்தைத் தொலைக்காதீர்கள். தாயையும் சேயையும் தனியே விடாதீர்கள்.

ஹார்மோன்தான் காரணம் என்றாலும் ஹார்மோன் டெஸ்ட்டில் தெரியாத சோர்வும் உண்டு. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் உலகமே வெறுத்து, விலக்கானதும் தெளிகிறதா? அளவுகள் சரியாகவே இருக்கும். அவற்றின் ஏற்ற இறக்கத்தை மூளை தாங்காததுதான் சிக்கல். இரண்டு மாதம் காலண்டரில் தினமும் குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். மனநிலையோடு தொடர்புபடுத்தப்படும் ரசாயனமான 'செரோடோனின் லெவல்' பார்க்கிறோம் என்று பேக்கேஜ் விற்றால் காசைக் கொடுக்காதீர்கள். உடம்பின் செரோடோனினில் பெரும்பங்கு குடலில் ஊறுவது. ரத்தத்தில் உள்ள அளவு மனநிலையைச் சொல்லாது.

இருதுருவ (பைபோலார்) நோய்க்கும் ரத்த டெஸ்ட் கிடையாது. முன்பு எப்போதாவது பல நாள் தூங்காமல், ஓயாத பேச்சும் கண்மண் தெரியாத செலவுமாக இருந்ததுண்டா? குடும்பத்தில் யாருக்காவது உண்டா? இதைச் சொல்லாமல் சோர்வு மாத்திரை மட்டும் வாங்கினால், அதுவே வெறிநிலைக்குத் தள்ளிவிடக்கூடும். நோயாளிக்கு நினைவில்லாமல் போகலாம், வீட்டார் கூடப் போய்ச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு சட்டென நிறுத்த வேண்டாம். தைராய்டும் மனச்சோர்வும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கலாம். அப்போது இரண்டு மருந்தும் தேவைப்படலாம். சாகத் தோன்றுகிறது என்று யாராவது சொன்னால் மட்டும் லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும் இலவசம். உடனே அழையுங்கள்.